எந்தப் புண்ணியவான் கையில் கிடைத்ததோ

போனைத் தொலைத்தவருக்குத்தான் ஊர் அனுதாபம் அத்தனையும் போகிறது. ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றபடி சட்டைப்பையைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்ப்பார். காலி என்று தெரிந்த பையையே மறுபடியும் துழாவுவார். "எந்தப் புண்ணியவான் கையில கெடச்சிச்சோ" என்று வானத்தைப் பார்த்துச் சொல்வார். சுற்றி நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அந்தப் புண்ணியவானைப் பற்றி அதற்குமேல் யாரும் யோசிப்பதில்லை. கொண்டுவந்து கொடுத்தால் நல்லவர், கொடுக்காவிட்டால் களவாணி, அவ்வளவுதான் நம் கணக்கு. என் கட்சி வேறு. மலையகத்தில் தொலைந்த போனைத் திருப்பிக் கொடுப்பவரை வெறும் நல்லவர் என்று சொல்வது அவரைக் குறைத்துப் பேசுவதாகும். அவர் பாதி தபால்காரர், பாதி துப்பறிவாளர், முழுக்க முழுக்கக் கதைசொல்லி. நேர்மை என்பது இந்த உத்தியோகங்களைப் பார்க்க அவர் எடுத்து வைத்திருக்கும் லைசென்ஸ் மட்டுமே.

முதலில் ஆளை அடையாளம் காட்டிவிடுகிறேன். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கங்காணியாகவோ, வாச்சராகவோ, தேயிலை ஸ்டோரில் வேலை செய்பவராகவோ இருப்பார். கழுத்தைச் சுற்றி ஒரு மப்ளர். வெயில் கொளுத்தினாலும் அது இறங்காது. சொந்தமாக வைத்திருப்பது பட்டன் போன், அதிலும் அதிகம் உழைப்பது டோர்ச் லைட்டுதான். பஸ்ஸை விட்டு இறங்குமுன் இருக்கையை ஒருமுறை திரும்பிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர் என்பதால், மற்றவர்கள் விட்டுப்போனதெல்லாம் இவர் கண்ணில் படுகிறது. ஆண் என்று எழுதுகிறேனே தவிர, பெண்கள் போன் கண்டெடுப்பதில்லை என்று அர்த்தமில்லை. கொழுந்து மலையில் காலை முதல் தலைகுனிந்து செடி செடியாய்ப் பார்த்து நடப்பவர்கள் அவர்கள்தானே. படங்கு மடிப்பில் செருகிய போன் செடிக்குள் விழும்; விதி இருந்தால் கொழுந்தோடு கொழுந்தாகக் கூடையில் விழுந்து, சாக்கில் ஏறி, நிறுவையில் எடையும் கூட்டி, ஸ்டோரின் மேல்மாடியில் கொழுந்து வாட்டும் இடம்வரை பயணம் போய்விடும். ஆனால் பெண்கள் கண்டெடுத்தால், "ஏய் மாரியாயி, ஒன் போனு இங்கன கெடக்குடி" என்ற ஒரு கூச்சலில் காரியம் முடிந்துவிடுகிறது. விசாரணை இல்லை, விழா இல்லை, வரலாறு இல்லை. எழுதுகிறவனுக்கு அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. நம் கதாநாயகர் ஆணாகிப் போனதற்கு அதுவே காரணம்.

இவர் செய்யும் வேலையின் கனம் தெரிய வேண்டுமானால், தோட்டத்தில் முகவரி என்பது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கொழும்பில் ஒரு போன் கிடைத்து அதன் உறைக்குள் அடையாள அட்டையும் இருந்துவிட்டால், அட்டையிலுள்ள வீட்டிலக்கத்தையும் வீதியையும் ஓட்டோக்காரரிடம் சொன்னால் போதும். தோட்டத்து அட்டையில் தோட்டத்தின் பெயர் இருக்கும், மிஞ்சினால் டிவிசனின் பெயர் இருக்கும். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அதுவே கதவிலக்கம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை வணிகப் பயிராக வைத்தார். அதற்குப் பிறகு தேயிலைக்குத் தரம் பிரித்து, பெயர் வைத்து, பெட்டிக்கு இலக்கமிட்டு லண்டன்வரை அனுப்பத் தெரிந்தது. அதைப் பறித்தவர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவுக்கு ஓர் இலக்கமிட மட்டும் யாருக்கும் கை வரவில்லை. கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வரும். ஆபிசிலிருந்து ஆளின் கைக்கு எப்போது வரும் என்பது ஆபிசுக்கே வெளிச்சம். நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் வந்த கதையை மலையகத்தில் யாரிடம் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ராமாயி என்பவரின் போன் கிடைக்கிறது. எந்த ராமாயி? மேட்டு லயத்து ராமாயியா, கோயில் லயத்து ராமாயியா, மஸ்கெலியாவில் பெண்ணைக் கட்டிக் கொடுத்தாரே அந்த ராமாயியா? இந்தக் கேள்விக்கு எந்தப் பதிவேட்டிலும் விடை கிடையாது. நம்மவரிடம் உண்டு. மூன்று தலைமுறைச் சம்பந்தங்களும் இரண்டு தலைமுறைச் சண்டைகளும் அவர் தலையில் அடுக்கி வைத்தபடி இருக்கின்றன.

போன் கையில் கிடைத்ததும் அவர் அவசரப்படமாட்டார். முதலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். உறைக்குப் பின்னால் முருகனா, மாதாவா, நடிகர் விஜய்யா என்று பார்த்த மாத்திரத்தில் உடையவரின் வயதும் குணமும் பாதி பிடிபட்டுவிடும். பூட்டில்லாத போனாக இருந்தால் பெயர்ப் பட்டியலுக்குள் நுழைவார். அங்கே பெயர்கள் இருக்காது, உறவுகள்தான் இருக்கும்: அம்மா, சின்னம்மா, அக்கா வீட்டுக்காரர், கொழும்புத் தம்பி, குவைத் மதினி, தலைவர், ரீலோட் கடை. 'அம்மா' என்று இருந்தால் தொலைத்தது பிள்ளை. 'மகன்' என்று இருந்தால் தொலைத்தது பெற்றவர். இந்தத் தர்க்கத்தில் ஓட்டையே கிடையாது. இந்தப் போனில் 'மகன்' என்று இருக்கிறது, அந்த எண்ணை அழுத்துகிறார். மகன் புறக்கோட்டையில் ஒரு கடையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறான். அம்மாவின் எண், காதில் வைத்தால் முன்பின் தெரியாத ஆளின் இருமல்.

"அலோ, யாரு பேசுறது?"

"நீங்க யாருங்க? எங்கம்மா போனு ஒங்ககிட்ட எப்பிடி வந்திச்சி?"

"தம்பி, மொதல்ல பதறாதீங்க."

பதறாதீங்க என்று கேட்டுப் பதறாத மகன் இன்னும் பிறக்கவில்லை. நம்மவர் அதைக் கண்டுகொள்வதில்லை. காலையில் மருந்து எடுக்க டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்குகிறார். பஸ்ஸில் கூட்டம், கொண்டக்டரோடு மிச்சக்காசுத் தகராறு, நோர்வூட்டில் ஏறிய ஆளின் குடை எல்லாம் வந்து போன பிறகுதான் போன் இருக்கையில் கிடந்த கட்டம் வரும். அதுவரை அந்தப் பிள்ளை அம்மாவை மனதுக்குள் எத்தனை ஆஸ்பத்திரியில் சேர்த்தானோ தெரியாது. இவ்வளவு நேரமும் கரைவது தொலைத்தவரின் ரீலோட் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கதை சூடு பிடிக்கும்போது அது தீர்ந்து லைன் அறுந்துவிடும். பிறகு மகனே கூப்பிட்டு மீதியைக் கேட்டாக வேண்டும்.

அடுத்தவர் போனை நோண்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 2012இல் சைமன்டெக் நிறுவனம் நியூயோர்க், வாஷிங்டன், லொஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ, ஒட்டாவா ஆகிய நகரங்களில் 50 போன்களை வேண்டுமென்றே தவறவிட்டு, அவற்றுக்கு என்ன நடக்கிறது என்று ஒளிந்திருந்து கவனித்தது. கண்டெடுத்தவர்களில் பாதிப்பேர் திருப்பிக் கொடுக்க முன்வந்தார்கள். ஆனால் 96 வீதமான போன்கள் திறந்து பார்க்கப்பட்டிருந்தன. இதிலிருந்து தெரிவது, நேர்மை மனிதகுலத்தில் பாதிப்பேருக்கு இருக்கிறது, விடுப்புப் பார்க்கும் ஆசை அநேகமாக எல்லாருக்கும் இருக்கிறது என்பதே. திருப்பிக் கொடுக்க முன்வந்த நல்லவர்களிலும் அநேகர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் முன்வந்திருக்கிறார்கள். நம்மவர் அதை மறைப்பதில்லை. போனைக் கொடுக்கும்போதே, "கல்யாணப் போட்டோ எல்லாம் நல்லா இருந்திச்சி, மாப்பிள்ளைக்குத்தான் கோட்டு கொஞ்சம் பெருசு" என்று அபிப்பிராயமும் சேர்த்துக் கொடுப்பார். வீட்டிலக்கம் இல்லாத ஊரில் முகத்தைப் பார்க்காமல் உடையவரைப் பிடிக்க முடியாது என்பதால் படம் பார்த்த குற்றத்தை நான் தள்ளுபடி செய்கிறேன். வட்ஸ்அப் குரல்பதிவுகளை ஒன்றுவிடாமல் கேட்டதற்கு மட்டும் என்னிடம் வாதம் இல்லை.

பூட்டிய போன் என்றால் பாடு பெரும்பாடு. அது தானாக அடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அடிப்பதற்கு சிக்னல் வேண்டும். தோட்டத்தில் சிக்னல் எல்லா இடத்துக்கும் வருவதில்லை, கோயில் மேட்டில் ஒரு கல்லுக்கு மட்டும் வரும். உயிர் போகாமலிருக்க சார்ஜ் வேண்டும். இவர் வீட்டிலிருப்பது குண்டூசிப் பின்னுள்ள பழைய சார்ஜர். ஆகவே லயம் லயமாகப் போய் சார்ஜர் கேட்கிறார், கேட்ட இடத்திலெல்லாம் கதையையும் சொல்கிறார். இத்தனைக்கும் நடுவில் தொலைத்தவர் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்திருப்பார்: ஹட்டனுக்குப் போய் அடையாள இலக்கத்தைக் காட்டி, பழைய சிம்மை வெட்டி, அதே எண்ணுக்குப் புதிய சிம் வாங்கியிருப்பார். அந்த நிமிடத்திலிருந்து கண்டெடுத்தவரின் கையிலுள்ள போன் ஊமை. இனி எத்தனை பேர் கூப்பிட்டாலும் அது அடிக்காது. களவாணிக்கு இதனால் பெரிய நட்டமில்லை, சிம்மை அவன் எப்போதோ கழற்றி எறிந்திருப்பான். தண்டனை முழுவதும் கல்லின்மேல் குளிரில் உட்கார்ந்திருக்கும் நேர்மையான மனிதருக்குத்தான். சிம்மை வெட்டுவதில் தப்பில்லை. ஆனால் தன் எண்ணுக்கு இரண்டு மூன்று தடவையாவது கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வெட்டினால் அவருக்கு உபகாரமாக இருக்கும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இக்காலத்தில் பூட்டிய போன் செங்கல்லுக்குச் சமம், ஒவ்வொரு போனுக்கும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் இருக்கிறது, பொலிசில் முறைப்பாடு செய்தால் வேறு சிம் போட்டாலும் பிடித்துவிடலாம், ஆகவே திருப்பிக் கொடுப்பது வேறு வழியில்லாத செயலே தவிர நல்லகுணம் இல்லை என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் இருபது நாள் வேலைக்குப் பெயர் போட்டால் 27,000. சுமாரான ஒரு போன் அந்த மாதச் சம்பளத்தை அப்படியே விழுங்கிவிடும். பூட்டிய போனையும் திரை வேறு, பற்றரி வேறு என்று கழற்றி வாங்க நகரத்தில் ஆள் இருக்கும்போது, செங்கல் என்று சொல்லி அவர் மனவுறுதியை மட்டம் தட்டக்கூடாது. விலை ஏற ஏற ஆசையும் ஏறும் என்று நாம் நினைப்பதும் சரியா என்று பார்க்க வேண்டும். 2019இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 40 நாடுகளில் 355 நகரங்களில் 17,303 பணப்பைகளைக் கண்டெடுத்ததாகச் சொல்லி அலுவலகங்களிலும் வங்கிகளிலும் ஒப்படைத்துப் பார்த்தார்கள். பணமில்லாத பைகளில் சுமார் 40 வீதத்துக்குத்தான் உடையவரைத் தேடித் தகவல் போனது. பணமிருந்த பைகளுக்கு 51 வீதம். பொருளாதார நிபுணர்களே எதிர்பார்க்காத முடிவு அது. பெரிய பொருளை வைத்துக்கொண்டால் தான் திருடன் என்று தன்னிடமே ஒப்புக்கொள்ள வேண்டிவரும், அது மனிதனுக்குப் பிடிப்பதில்லை என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அந்த 40 நாடுகளில் இந்தியா உண்டு, இலங்கை இல்லை. நம்மவரிடம் ஒரு பையைக் கொடுத்துப் பார்த்திருந்தால் ஆய்வாளர்களுக்கு வீதக்கணக்கோடு வேறு பல விபரங்களும் கிடைத்திருக்கும்.

அந்த ஆய்வில் சாவி வைத்த பைகளும் இருந்தன. எடுத்தவருக்குப் பிரயோசனமில்லாத, உடையவருக்கு மட்டுமே வேண்டிய பொருள் உள்ளே இருந்தால் திருப்பிக் கொடுப்பவர் தொகை இன்னும் கூடுகிறது. தோட்டத்தில் அந்தச் சாவியின் இடத்தில் இருப்பது அடையாள அட்டை. போன் உறைக்குள் அட்டை, வங்கிக் காட், மடித்த 500 ரூபாத் தாள், சாமி படம் என்று ஒரு குடும்பப் பெட்டியே இருக்கும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஆள்கணக்குப் பேசிப் பங்கு பிரித்தபின்னும் இழுபட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை மிச்சப்பேர் காத்திருந்த சமூகம் இது. ஒரு அட்டை இல்லாமல் போனால் என்னவாகும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போனை ஆற அமரக் கொடுக்கும் நம்மவர், உள்ளே அட்டை இருந்தால் மட்டும் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார். கதையைக்கூடச் சுருக்கிவிடுவார்.

இதெல்லாம் பயத்தில் செய்வது என்பார்கள் இன்னும் சிலர். தோட்டத்தில் ஒருவர் வீட்டுக் கறிக்கு உப்புக் கூடியது அடுத்த டிவிசனுக்குத் தெரிந்துவிடும். அங்கே அடுத்தவர் போனை ஒளித்து வைக்க முடியுமா என்பது கேள்வி. இதில் உண்மை இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒளிப்பதற்கு இடமும் இல்லை. ஆனால் இந்த விளக்கம் சிவனொளிபாதமலைப் பருவத்தில் உடைந்துவிடும். டிசெம்பர் போயா முதல் வெசாக் போயாவரை நல்லதண்ணி வழியாக நாடு முழுவதும் ஏறி இறங்குகிறது. இரவெல்லாம் படியேறி, விடியற்காலைக் குளிரில் நடுங்கும் கையால் சூரியோதயத்தைப் படம் பிடிக்கிற கூட்டத்தில் போன் விழாத நாள் உண்டா? விழுந்த போனின் சொந்தக்காரர் கம்பஹாவோ காலியோ, நம்மவரை இனி வாழ்நாளில் பார்க்கப் போவதில்லை. சாட்சி இல்லை, ஊர்ப்பேச்சு இல்லை. அங்கேயும் அவர் விட்டுவிடுவதில்லை. தனக்குத் தெரிந்த அத்தனை சிங்களத்தையும் திரட்டி, "மஹத்தயா, போன் எக்க ஹம்பவுனா" என்று தொடங்குவார். அதற்குமேல் கதையைச் சிங்களத்தில் சொல்ல முடியாததுதான் அவருடைய ஒரே துக்கம். பயம்தான் காரணமென்றால் இந்தப் போனை ஏன் கொடுக்கிறார்?

சட்டமும் அவர் பக்கம்தான். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை கண்டெடுத்தவரைப் பற்றி நிதானமாகவே பேசுகிறது: உடையவருக்குத் திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு எடுத்து வைத்திருப்பது குற்றமில்லை, உடையவரைக் கண்டுபிடிக்க நியாயமான முயற்சி செய்யாமல், நியாயமான காலம் காத்திருக்காமல் தனதாக்கிக்கொள்வதுதான் குற்றம். நியாயமான முயற்சி என்றால் என்ன என்று வெள்ளைக்காரன் விளக்கமாக எழுதி வைக்கவில்லை. நம்மவர் தன் அளவில் விளக்கம் வைத்திருக்கிறார்: மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு, தோட்டத் தலைவருக்குத் தகவல், ஓட்டோத் தரிப்பிடத்தில் விசாரிப்பு, பேரன் கையால் பேஸ்புக்கில் ஒரு பதிவு. அந்தப் பதிவின் அடியில் 'உரியவரிடம் சேரும்வரை பகிரவும்' என்று இருக்கும். போன் மறுநாளே உரியவரிடம் சேர்ந்துவிடும். பகிர்வு மட்டும் நிற்காது. அந்த உரியவர் வேறு போன் வாங்கி, அதையும் தொலைத்த பிறகும் யாரோ ஒரு நல்ல மனிதர் டோகாவிலிருந்து பகிர்ந்துகொண்டிருப்பார்.

கொடுக்கும் வைபவம் தனி. சும்மா கையில் கொடுத்துவிட்டு வர அவரால் முடியாது. உடையவர் அடையாளம் சொல்ல வேண்டும்: உறையின் நிறம், கண்ணாடியில் கீறல் எந்த மூலையில், கடைசியாக யாரோடு பேசினது. கடைசிக் கேள்விக்குப் பெண்டாட்டிக்கு முன்னால் பதில் சொல்லச் சில கணவன்மார் தடுமாறுவதுண்டு. அவர் அதைப் பெருந்தன்மையோடு கடந்துபோவார். பிறகு படம். போனின் ஒரு நுனியை அவரும் மறுநுனியை உடையவரும் பிடித்துக்கொண்டு, பாடசாலைப் பரிசளிப்பு விழா மாதிரிக் கமெராவைப் பார்ப்பார்கள். நடுவில் தலைவர் நிற்பார். தொலைத்ததிலோ கண்டெடுத்ததிலோ அவருக்குப் பங்கு எதுவும் கிடையாது. ஆனால் தோட்டத்தில் எடுக்கப்படும் எந்தப் படத்திலும் நடு இடம் காலியாக இருக்கக்கூடாது.

பிறகு சன்மானம். உடையவர் உறையிலிருந்த 500 ரூபாவை எடுத்து நீட்டுவார். நம்மவர் கையைத் தட்டிவிடும் வேகத்தில் அந்தத் தாள் மீண்டும் தொலையப் பார்க்கும். ஜப்பானில் கண்டெடுத்தவருக்குப் பொருளின் பெறுமதியில் 5 முதல் 20 வீதம்வரை கேட்கச் சட்டத்திலேயே உரிமை இருக்கிறது. 27,000 ரூபாப் போனுக்குப் பத்து வீதம் என்று வைத்தால் 2,700, அந்த 1,350 ரூபாச் சம்பளத்தில் சரியாக இரண்டு நாள் பெயர். இந்தப் போனுக்காக அவர் ஒருநாள் அரைப்பெயரோடு நின்றிருக்கிறார், பஸ் காசு வேறு போயிருக்கிறது. ஆகவே ஜப்பான்காரன் கணக்கு அவருக்குக் கட்டுப்படியாகும். இருந்தும் வாங்கமாட்டார். ஒரு தேத்தண்ணி போதும் என்பார். அதை உட்கார்ந்து குடிக்க வேண்டும், குடிக்கும்போது வீட்டிலுள்ள எல்லாரும் சுற்றி இருக்க வேண்டும், அவர் முதலிலிருந்து சொல்வதைக் கேட்க வேண்டும். காசை வாங்கிவிட்டால் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். கதை சொல்லும் உரிமை கைவிட்டுப் போகும். அதை அவர் நன்றாக அறிவார்.

தம்பட்டத்துக்காகச் செய்யும் நன்மை நன்மையாகுமா என்று தத்துவம் பேசுகிறவர்களுக்கு என் பதில் இதுதான். போன் உடையவரிடம் வந்துவிட்டது. அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று புறக்கோட்டைப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. செலவு, சில மாலைப்பொழுதுகளும் சில கோப்பைத் தேத்தண்ணியும். ஊதியமாக அவர் கேட்பது நம் காதை. அதையும் கொடுக்க மனமில்லாமல், நன்மையையும் செய்துவிட்டு வாயையும் மூடிக்கொண்டிரு என்றால் அது என்ன நியாயம்? கதை வளர்கிறது என்பது உண்மை. முதல் மாதம் பஸ் இருக்கையில் கிடந்த போன், தீபாவளிக்குள் ஓடும் பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டிருக்கும். தைப்பொங்கலுக்குள் அதைப் பறிக்க இரண்டு பேர் வந்திருப்பார்கள். ஆனால் கூட்டிச் சொல்லப்படும் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிருக்கும் பொடியன்களுக்கு ஒரு செய்தி போகிறது: இந்த ஊரில் போனைத் திருப்பிக் கொடுத்தால் இவ்வளவு காலம் பேசலாம்.

இனி இவருக்கு வேலையில்லை என்கிறார்கள். போன் தொலைந்தால் வேறொரு போனிலிருந்து தேடலாம், செய்மதி அது கிடக்கும் இடத்தைப் புள்ளி வைத்துக் காட்டிவிடும் என்கிறார்கள். காட்டட்டும். சிக்னல் இருந்தால், சார்ஜ் இருந்தால், புள்ளி ஒரு லயத்தின் மேல் வந்து நிற்கும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம்; சில மீற்றர் பிசகினால் வேறொரு குடும்பத்தின் அடுப்படி. செய்மதிக்கு அது ஒரே தகரக்கூரை. எந்தக் கதவைத் தட்டுவது, தட்டினால் யார் வருவார்கள், அவர்களிடம் களவுப்பழி போடாமல் எப்படிக் கேட்பது என்பதெல்லாம் அந்தப் புள்ளிக்குத் தெரியாது. தெரிந்தவர் முச்சந்தியில் மப்ளரோடு உட்கார்ந்திருப்பார். கேட்டால் உடனே எழுந்து வருவார். போகும் வழியில், முன்பு அவர் கண்டெடுத்த போனின் கதையை ஆரம்பத்திலிருந்து கேட்க வேண்டியிருக்கும். டிக்கோயா ஆஸ்பத்திரியில் தொடங்கும்.